மேஜையோடு போன அடங்கல்

எங்கள் வீட்டில் எது வந்தாலும் அதைத் திறப்பதற்கு ஓர் ஆள் முன்பே நியமிக்கப்பட்டிருக்கிறார். கேஸ் சிலிண்டர் வந்தால் அம்மா. பால் வந்தால் அம்மா. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அம்மா. வங்கிக் கடிதம், அரசாங்கத் தபால், கல்யாணப் பத்திரிகை வந்தால் அப்பா. அந்தப் பத்திரிகை சித்தி வீட்டிலிருந்து அம்மா பெயருக்கே வந்திருந்தாலும் அப்பா. வைஃபை போனால் நான். பல்லி வந்தாலும் நான்தான், ஏன் என்று தெரியவில்லை. இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று ஒருமுறை கேட்டேன். "யாரும்மா செய்யிறது? அப்படித்தானே இருக்கு" என்றார் அப்பா.

கணினியில் இதற்கு டீஃபால்ட் என்று பெயர். ஒரு வகைக் கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினால் எந்த மென்பொருள் எழுந்து வந்து அதைத் திறக்க வேண்டும் என்பதை யாரோ எப்போதோ முடிவு செய்து வைத்திருப்பார்கள். நாம் தட்டிக்கொண்டே இருப்போம். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், அரை நிமிட வேலை. போன குறுவை அறுவடையின்போது அந்த அரை நிமிட வேலையை எங்கள் குடும்பம் எப்படிச் செய்து முடித்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது வேலை. இதற்குப் போய் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைக் குடவாசல் அத்தை இன்னும் நம்பவில்லை. அதை அவர் வாழ்நாள் முழுக்க இலவசமாகச் செய்துவருகிறார். அலுவலக மடிக்கணினியில் சொந்தக் கோப்பு எதையும் திறக்கக் கூடாது. ஆகவே வீட்டுக் காரியமெல்லாம் கூடத்தில் இருக்கும் அப்பாவின் கணினியில்தான். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வேலை முடிந்ததும் கணினியை அணைத்து அதன் மேல் ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்திவிடுவார். தூசிக்காக என்பார். போர்த்துகிற விதத்தைப் பார்த்தால் குளிருக்காக என்றுதான் தோன்றும்.

நிலம் அப்பா பெயரில், விவசாயம் அம்மா கையில். நாற்று விடுவது, ஆள் பிடிப்பது, மதகு பார்ப்பது, உரக்கடையில் சண்டை போடுவது எல்லாம் அம்மா. ஆனால் அந்த நெல்லுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டால் அது அப்பாவின் இலாகா. அம்மா அதில் தலையிட மாட்டார். அப்பாவும் வயலில் தலையிட மாட்டார். எங்கள் வயல் எது என்று அவருக்குத் தெரியும், பக்கத்து வயலில் ஆள் நின்றால் மட்டும் கொஞ்சம் குழம்புவார்.

போன குறுவை நன்றாக விளைந்தது. அறுவடை இயந்திரம் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் இணையத்தில் பதிய வேண்டும். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் இருக்கிறதே, அந்த அடங்கலின் நகலைப் பதிவோடு சேர்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் இன்ன தேதிக்கு நெல்லை எடை போட வாருங்கள் என்று கைபேசிக்குச் செய்தி வரும். செய்தி வராத நெல் தராசு ஏறாது.

புரட்டாசி முடிகிற நேரம். காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் கிளம்பும். அம்மா காலையில் தார்ப்பாயை விலக்கி நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக் காயவைப்பார். மேகத்தைக் கண்டதும் ஆள் வைத்துக் குவித்து மூடுவார். ஒரு நல்ல மழை குவியலின் அடியில் புகுந்தால் நெல் முளைத்துவிடும். முளைத்த நெல்லைக் கோழிக்குப் போடலாம், கொள்முதலுக்குக் கொண்டுபோக முடியாது. மொத்தக் குறுவையும் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. தினமும் சாயங்காலம் அம்மா காலில் நெல் சுணையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே கேள்விதான்.

"மெசேஜ் வந்துச்சா?"

"சர்வர் பிஸி" என்பார் அப்பா.

"யாருங்க அந்த சர்வர்? நான் வேணா நேர்ல போய்ப் பேசிப் பாக்கட்டா?"

சர்வர்மேல் ஒரு தப்பும் இல்லை என்பது ஒரு காலை வேளையில் தெரிந்தது. அப்பா எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காலை அசெம்பிளி நடத்திய பழக்கம். கொள்முதல் நிலையத்தில் பதிவுகளைச் சரிபார்க்கும் பெண் அழைத்திருந்தார். நான் காபி எடுக்கக் கீழே வந்திருந்தேன்.

"சார், வணக்கம். உங்க பதிவு திரும்பத் திரும்ப நிக்குது. அடங்கல் கேட்டா நீங்க மேஜைய அனுப்புறீங்க."

"என்ன மேஜை?"

"மர மேஜைங்க சார். மேல ஒரு பூந்தொட்டி இருக்கு. தொட்டிக்குக் கீழதான் சர்வே நம்பர் இருக்குன்னு நெனைக்கிறேன்."

"அது தேக்கும்மா" என்றார் அப்பா.

"இருக்கட்டும் சார். சர்வே நம்பர் தெரியாம நான் எப்படி ஏத்துறது? வெறும் அடங்கல் மட்டும் அனுப்புங்க. மேஜை வேணாம்."

இந்த மேஜையின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, குடவாசலிலிருந்து தன் மகனோடு வந்திருந்தார். அத்தை மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். எனக்கு முறைப்பையன். நான் பிறந்த செய்தி கேட்டதுமே "என் மருமக வந்துட்டா" என்று அத்தை சொன்னாராம். அன்றைக்கு எனக்குக் கண்கூட சரியாகத் திறந்திருக்காது, அத்தை மகனுக்கு அரைஞாணைத் தவிர வேறு உடுப்பு இருந்திருக்காது. அதற்குப் பிறகு எங்கள் இருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்துவரும் மென்பொருள் மாதிரி அந்த விஷயம் எங்களோடேயே வந்துவிட்டது. நாங்கள் இருவரும் நல்ல மாதிரியாகத்தான் பழகுவோம். அத்தான் என்று கூப்பிட்டால் அத்தையின் முகம் மலர்ந்துவிடும் என்பதால் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க" என்பதோடு சரி.

அவர் பொங்கலன்று அப்பாவின் கணினியில் ஒரு புது மென்பொருளை ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். பி.டி.எஃப். கோப்பு எதைத் தட்டினாலும் அது புத்தகமாகத் திறக்கும். கீழே தேக்கு மேஜை, வலது மூலையில் பூந்தொட்டி, பக்கத்தைத் தள்ளினால் காகிதம் புரளும் சத்தம். அப்பா மயங்கிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லும் தேக்கு மேஜையில்தான் திறந்தது. ஒரே பக்கமுள்ள ரேஷன் கார்டு நகலைத் திறந்து, அடுத்த பக்கம் இல்லாததால், அதே பக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார்.

அது பிரியம், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு கோப்பு எந்த மென்பொருளில் திறக்குமோ அதன் அடையாளப் படத்தைத்தான் கணினி அந்தக் கோப்புக்கும் போடும். ஆகவே அப்பாவின் கணினியில் இருந்த எல்லா பி.டி.எஃப்.-உம் சிவப்பு அட்டை போட்ட குட்டிப் புத்தகமாக மாறியிருந்தன.

"இதைத்தானே சேர்க்கணும்? ஏன் சேர்க்கலை?" என்று அடங்கல் கோப்பைக் காட்டிக் கேட்டேன்.

"அது புத்தகம்மா. அவங்க கேட்டது ஒரு பேப்பர். புத்தகத்தையே தூக்கி அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

"அதனால?"

"அதைத் திறந்து, நமக்கு வேண்டிய பக்கத்த வச்சி, கீழ ஷேர்னு இருக்குல்ல, அதை அமுக்கி எடுத்தேன். அழகா வந்துச்சு."

அழகாக வந்தது உண்மை. மேஜையோடு, பூந்தொட்டியோடு, சாளர வெளிச்சத்தோடு அடங்கல் ஒரு படமாக வந்தது. அதைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார். தன் பணிக்காலம் முழுக்க அட்டை போடாத நோட்டைக் கையில் தொடாதவர். அவரிடம் கோப்பு வேறு, அதைத் திறக்கிற மென்பொருள் வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப மேஜை யாருது?" என்றார்.

நானே சேர்த்து அனுப்பியிருக்கலாம். பதிவு செய்த கணக்கின் கடவுச்சொல் அப்பாவிடம் இருந்தது. உறுதிப்படுத்தும் எண் அப்பாவின் கைபேசிக்கு வரும். அதைவிட முக்கியம், அது அப்பாவின் இலாகா. பல்லி வந்தால் அவர் என் வேலையில் தலையிடுவதில்லை. எனவே டீஃபால்ட்டை மட்டும் மாற்றினேன். கோப்பின்மேல் வலது பக்கம் தட்டி, வேறு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே திற என்று சொன்னேன். சிவப்புப் புத்தகங்கள் ஒரு நொடியில் வெள்ளைக் காகிதங்களாயின. "இப்ப பேப்பர்தானே? இதை அப்படியே சேத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அலுவலகக் கூட்டத்துக்கு மாடிக்குப் போனேன்.

மத்தியானம் இறங்கி வந்தபோது திரையில் தேக்கு மேஜை. காகிதங்கள் மறுபடி புத்தகங்களாகியிருந்தன. மேஜையுடன் இன்னொரு அடங்கலும் போய்ச் சேர்ந்திருந்தது.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதடவை சரிபார்க்கலாம்னு புத்தகத்தைத் திறந்தேன்" என்றார் அப்பா. "அது ஒரு கேள்வி கேட்டுச்சு. நான் இப்ப உங்க வழக்கமான ரீடர் இல்லையாமே, மறுபடியும் சேத்துக்க முடியுமான்னு. அவ்வளவு மரியாதையா கேட்டுச்சும்மா."

"இல்லைன்னு அமுக்க வேண்டியதுதானே?"

"மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிம்மா சொல்றது?"

என் வேலையில் இந்த வகை மென்பொருளை நிறையப் பார்த்திருக்கிறேன். பதவி போனதும் வாசலில் வந்து நிற்கும். மறுக்கத் தெரியாதவர்கள் வீட்டில் அதற்கு வாழ்வுதான். அந்தக் கேள்வியிலேயே கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். இனி இப்படிக் கேட்காதே என்று அதில் டிக் அடித்துவிட்டால் தீர்ந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். நான் மவுஸைக் கையில் எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"அக்காவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"எதுக்குப்பா?"

"அவங்க பையன் ஆசையா போட்டுக் குடுத்தது. நாளைக்கு வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க?"

இது எங்கள் குடும்பத்தின் வழக்கம். அத்தை வீட்டிலிருந்து வந்த எதையும் அத்தையைக் கேட்காமல் இடம் மாற்றக் கூடாது. அவர்கள் தந்த சுவர்க் கடிகாரம் நின்று நெடுநாளாகிவிட்டது. இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது. மணி பார்க்க அதற்குக் கீழே இன்னொன்று மாட்டியிருக்கிறோம்.

அம்மா அப்போதுதான் திடலிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கிழக்கே வானம் கறுத்திருந்தது. அப்பா ஸ்பீக்கரில் அத்தையை அழைத்தார்.

"அக்கா, ஒண்ணும் இல்ல. உங்க பையன் பொங்கலுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்துச்சுல்ல, கம்ப்யூட்டர்ல. அதைக் கொஞ்சம் மாத்தலாமான்னு பாப்பா கேக்குது."

"மாத்தணுமா? யாரு சொல்றா, அவளா?"

"ஆமாக்கா. அதுக்குப் பதிலா வேற ஒண்ண வச்சிக்கலாம்னு."

அத்தையின் குரல் இறங்கி வந்தது. "வேற ஒண்ணு வச்சிருக்காளா?"

"வச்சிருக்குக்கா. முன்னாடியிலேர்ந்தே இருந்துச்சாம். நமக்குத்தான் தெரியல."

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பி.டி.எஃப். பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். அத்தை தன் மகனைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் முழு நிதானத்தோடு அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா தம்பி, என் புள்ள போட்டதுல என்ன கொறையாம்?"

"கொறைன்னு இல்லக்கா. பூந்தொட்டிதான் மறைக்குது."

"பூந்தொட்டியா? என்னடா ஒளறுற? போனை அவகிட்ட குடு."

அப்பா கைபேசியை என் பக்கம் நகர்த்தினார். கூடத்தில் இடி சத்தம் கேட்டது. தூரத்து இடிதான்.

"சொல்லுங்க அத்தை."

"ஏண்டி, அவன் போட்டதை அழிச்சிட்டியா?"

"அழிக்கல அத்தை. அது அங்கேயேதான் இருக்கு. யாரையும் கேக்காம தானா வந்து திறக்காது, அவ்வளவுதான். வேணும்னு கூப்பிட்டா வரும்."

"எல்லாம் புரியுதுடி. சுத்தி வளைக்காத. அப்ப நாங்க வேற இடம் பாத்துக்கலாம்ங்கிற."

இதற்கு நான் வைத்திருந்த பதில்கள் நிறைய. சில வருடங்களாகவே மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: மேற்படிப்பு, வேலை, சொந்தத்தில் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது, ஜாதகத்தில் ஏதாவது. ஒவ்வொன்றையும் நல்ல இடம் பார்த்து, பக்குவமாக, யார் மனமும் நோகாமல் சொல்லத் திட்டம். அந்த இடம் இது இல்லை. ஆனால் அம்மா ஈரக் காலோடு கூடத்துக்குள் வந்துவிட்டார். நடந்தது முழுவதும் காதில் விழுந்திருக்கிறது. என் பக்கத்தில் குனிந்து கைபேசியைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணி, நெல்லு திடல்ல கெடக்கு. மழை வருது. நீங்க கேக்குறதுக்கு அவ ஒரு வார்த்தையில பதில் சொல்லிடுவா, கேட்டுட்டு வைங்க. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வேணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தார் என்றே தோன்றியது.

"வேற இடம் பாருங்க அத்தை" என்றேன்.

அத்தை போனை வைத்துவிட்டார். கணினியைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம், அதற்கு ஏன் வேற இடம் என்று அப்பா கேட்டார். அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். "அதை அப்புறம் சொல்றேன். இப்ப அந்தக் கட்டத்துல டிக் அடிங்க."

டீஃபால்ட்டை நான் மாற்றினேன், புத்தகங்கள் காகிதங்களாயின. மேஜையைத் திறந்ததும் அதே கேள்வி மறுபடி வந்தது, டிக்கை அப்பாதான் அடித்தார். இனி இப்படிக் கேட்காதே. பிறகு அப்பா வெள்ளைக் காகிதமாகக் கிடந்த அடங்கலை இழுத்துப் பதிவில் போட்டார். சர்வே நம்பர் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு முறை உரக்கப் படித்தார். "நம்ம நம்பர்தான்" என்றார், யாரோ சந்தேகப்பட்டது மாதிரி. அன்று மாலை மழை நீடாமங்கலம் பக்கமே பெய்து முடித்துக்கொண்டது. எங்கள் திடலுக்குத் தூறல்தான். ஆனாலும் அம்மா இருட்டும்வரை தார்ப்பாயின் ஓரத்தில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. நெல்லை எடுத்து வரச் சொல்லி.

எடை போடுகிற அன்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் எங்கள் நெல்லை ஒரு கை அள்ளிப் போட்டபோது அம்மா மூச்சை விடவில்லை. சரி என்றதும்தான் விட்டார். மூட்டை பிடித்துச் சாக்கு தைக்கத் தொடங்கினார்கள். அப்போது அத்தை மகன் அழைத்தார். அத்தையிடமிருந்து செய்தி போயிருக்கும் என்று தயாராகத்தான் எடுத்தேன்.

"அந்தப் புத்தக சாஃப்ட்வேர மாத்திட்டீங்களாமே. அம்மா சாப்பிடலை. நான் ரெண்டு தட்டா சாப்பிட்டேன்."

"ஏன்?"

"அதை எழுதினது யாருன்னு நெனைக்கிறீங்க? என்கூட வேலை பாக்குற பொண்ணு. நாலு பேராவது தினமும் பயன்படுத்தணும்னு சொன்னா. அதான் சொந்தக்காரங்க கம்ப்யூட்டர் ஒண்ணு விடாம ஏத்திட்டேன். ரெண்டு வருஷமா அம்மாகிட்ட அவளப் பத்தி எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம இருந்தேன். இப்ப அம்மாவே வேற இடம் பாக்குறேங்கிறாங்க."

ஆக, எங்கள் வீட்டுக் கூடத்தில் இத்தனை மாதமும் குடியிருந்தது, தன் வருங்கால மருமகளின் மென்பொருள் என்று தெரியாமலே அத்தை அதற்காக வாதாடியிருக்கிறார். இதை அவரிடம் எப்போது, யார் சொல்வது என்று அத்தை மகன் என்னிடம் யோசனை கேட்டார். அது என் இலாகா இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தைத்து முடித்த மூட்டைகள் லாரியின் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அம்மாவின் கண் அவற்றின்மேல்தான் இருந்தது. கடைசி மூட்டை ஏறும்வரை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நல்ல பொண்ணாத்தான் இருக்கும்" என்றார் பிறகு. "உங்கப்பா ஆசையா பாத்துக்கிட்டு இருப்பாரு. மேஜை இருக்கட்டும். பூந்தொட்டிய மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு."

மழை அப்போதுதான் பிடித்தது. காலியான திடலில், நெல் கிடந்த இடத்தில், தார்ப்பாய் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தோம்.